மூணு ஹைட்டும் (hide) ஒண்ணா? தோலை அறுத்து நிலம் அளந்தாங்களாம்!

செவ்வாய்ப்பேட்டை வாசகன்:
சேலத்து ஸ்போக்கன் இங்கிலீஷ் பக்கம் ஒண்ணு நேத்து போட்டது இது: "ஹைட் என்றால் தோல். தோல் உடம்பை மறைப்பதால் மறைப்பதும் ஹைட். ஒரு மாட்டுத்தோலை வாராக அறுத்து வளைத்த நிலமும் ஹைட். மூன்றும் ஒரே சொல்!" கீழ வரிசையா கைதட்டல் பொம்மை. மூணாவது அப்பட்டமான புளுகு. நில அளவு ஹைட்டோட பழைய வடிவம் ஹீகிட். வீட்டார், குடும்பம்னு பொருள்படுற சொல்லுக்கு அது இனம். 8ஆம் நூற்றாண்டுல பீட் பாதிரியார் லத்தீன்ல எழுதறப்பவும் 'ஒரு குடும்பத்தின் நிலம்'னுதான் எழுதுறார். இதுல தோல் எங்க வந்துச்சு?

நாலுரோடு நண்பன்:
கார்த்தேஜ் ராணி டைடோ ஒரு எருதுத்தோல் அளவு இடம் கேட்டு, அதை வார் வாரா அறுத்து ஒரு குன்றையே வளைச்ச கதை உலகத்துக்கே தெரியும். உங்களுக்கு மட்டும் தெரியாதா சார்?

செவ்வாய்ப்பேட்டை வாசகன்:
தெரியும். அந்தக் குன்றுக்குப் பேர் பிர்சா. கிரேக்கத்துல பிர்சான்னா தோல். பேரைப் பார்த்துக் கட்டின கதை அது. வட ஆப்பிரிக்காவுல நடந்ததாச் சொல்றதை இங்கிலாந்து நில அளவுக்கு எப்படிக் கொண்டு வர்றீங்க? அங்க ஒரு ஹைட் 120 ஏக்கர். ஒரு தோலை அறுத்து 120 ஏக்கரை வளைப்பீங்களா?

தோல்மண்டி:
வளைக்கலாங்க. சீமை மாட்டுத்தோல் 40 சதுர அடின்னு வச்சுக்குங்க. 120 ஏக்கரை வட்டமா வளைக்க ஏறக்குறைய 2,470 மீட்டர் வார் வேணும். வார் அகலம் ஒன்றரை மில்லி வரும். ஓரத்துல ஆரம்பிச்சு, கத்தி எடுக்காம சுத்திச் சுத்தி நடுவுக்கு வரணும். வயித்துப் பக்கம்தான் சிக்கல். அங்க தோல் தளர்ச்சியா இருக்கும், இழுத்தா நீளும், மெலிஞ்ச இடத்துல அறுந்துடும். சுண்ணாம்புக் குழியில கூடுதலா ஊறின தோலுன்னா இன்னும் மோசம்.

நாலுரோடு நண்பன்:
கேட்டுக்கிட்டீங்களா? தொழில்காரரே முடியும்ங்கறார்.

செவ்வாய்ப்பேட்டை வாசகன்:
அறுக்க முடியுமாங்கறதா இங்க கேள்வி? சொல் எங்கிருந்து வந்துச்சுங்கறதுதான் கேள்வி. இன்னைக்கு இருக்கிற எழுத்தைப் பார்த்து வேர் சொல்றவங்க எல்லாரும் விழுற குழி இது. முதல்ல பழைய ஆங்கிலத்துல என்ன உயிர் இருந்துச்சுன்னு பார்க்கணும். தோல் ஹைட், மறைக்கிற ஹைட் ரெண்டுலயும் உதட்டை ஊவுக்குக் குவிச்சுக்கிட்டே ஈ சொல்ற சத்தம். நிலத்து ஹைட்ல வெறும் ஈ. பின்னாடி குவிப்பு போய் எல்லாம் ஈ ஆச்சு, அப்புறம் அந்த நெடில் ஈ 'ஐ' ஆச்சு. குவிச்ச உயிர்ல இருந்து மைஸ் வந்துச்சு, வெறும் ஈயில இருந்து வைஃப் வந்துச்சு. இப்ப ரெண்டுலயும் 'ஐ'தான். அதுக்காக எலிகளும் மனைவியும் சொந்தமா?

கன்னங்குறிச்சி:
கடைசி வரியை வீட்ல படிச்சுக் காட்டிட்டுப் போடுங்க தலைவரே.

ஏற்காட்டு மிளகு:
உடு, உடை. உடுத்துறது உடம்பை மறைக்க. உடை, ஹுட், ஹைட். தமிழ்ச் சொல்லுக்கெல்லாம் வேர் தேடின பாவாணர் 1944 முதல் 1956 வரை தமிழ் சொல்லிக் கொடுத்த இந்தச் சேலத்துல உட்கார்ந்துக்கிட்டு ஜெர்மானிய மூலம் தேடறீங்களே, வெட்கமா இல்ல?

செவ்வாய்ப்பேட்டை வாசகன்:
வாங்க. முன்னாடி இங்க 'சீக்ரெட்'ங்கற சொல்லைப் பத்தி நடந்த விவாதத்துல பாதியில ஓடினவர்தானே? ஹைட்ல இருக்கிற ஹ, முன்னாடி க. லத்தீன்ல தோல் குடிஸ். நூறு அங்க கென்டும், இங்க ஹண்ட்ரட். கொம்பு கோர்னு, ஹார்ன். நாய் கானிஸ், ஹவுண்ட். வரிசையா க போய் ஹ வந்திருக்கு. உங்க உடையில க எங்க?

ஏற்காட்டு மிளகு:
க தானே வேணும்? கூடு! உயிர் இருக்கிற கூடு, உடம்பு. கூடு, குடிஸ், ஹைட். முடிஞ்சுது போங்க. நான் ஓடல, அன்னைக்கு மலையில கரண்ட் இல்ல.

செவ்வாய்ப்பேட்டை வாசகன்:
க கேட்டதும் சொல்லையே மாத்திட்டீங்க. நாளைக்கு ச கேட்டா சட்டைன்னு வருவீங்க. பாவாணர் பேரைச் சொல்றதுக்கு முன்னாடி அவர் மாதிரி ஒரு சொல்லுக்குப் பத்து இணை காட்டுங்க.

அம்மாபேட்டை தறி:
எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. தோலும் மறைக்கறதும் ஒரே சொல்லுன்னு அந்தப் பக்கம் சொன்னது சரியா, தப்பா?

செவ்வாய்ப்பேட்டை வாசகன்:
தப்பு. 'மூடு'ங்கற பொருள்ல இருந்த பழைய வேர்ல இருந்து ரெண்டும் தனித்தனியா கிளைச்சது. அண்ணன் தம்பி, அப்பன் மகன் இல்ல. ஜெர்மன்ல தோல் இன்னைக்கும் ஹவுட்.

அம்மாபேட்டை தறி:
வேர் ஒண்ணுதானே? அப்ப சரின்னே சொல்லிட்டுப் போலாமே.

தோல்மண்டி:
நடுவுல ஒரு திருத்தம். ஆடு, செம்மறி ஸ்கின். மாடு, எருமைதான் ஹைட். சின்ன மாடு கிப். சரக்குச் சீட்டுல மாத்தி எழுதினா வாங்கறவன் திருப்பி அனுப்புவான். எல்லாத் தோலையும் ஹைட்னு எழுதின அந்தப் பக்கம் முதல்ல இதைத் திருத்தணும்.

கன்னங்குறிச்சி:
மனுஷத் தோல் எதுல சேர்த்தி? தடிச்ச தோல்காரங்க இந்தத் திரியிலயே ரெண்டு மூணு பேர் இருக்காங்க.

நாலுரோடு நண்பன்:
பேச்சை மாத்தாதீங்க. 120 ஏக்கருக்குப் பதில் வரல.

செவ்வாய்ப்பேட்டை வாசகன்:
பதில் மூணு தடவை சொல்லியாச்சு. அது வேலி போட்ட பரப்பே இல்ல, வரிக் கணக்கு. 1086ல இங்கிலாந்து ராஜா எடுத்த டூம்ஸ்டே நிலக் கணக்குல ஊருக்கு இத்தனை ஹைட்னு போட்டு வரி கட்டச் சொன்னாங்க. விர்கேட்னு ஒரு சின்ன அளவு, நாலு விர்கேட் ஒரு ஹைட். இடத்துக்கு இடம் மாறும், சில பக்கம் 40 ஏக்கர்தான். தோல் வச்சு அளந்திருந்தா எப்படிங்க மாறும்?

நாலுரோடு நண்பன்:
முதல்ல 120, இப்ப 40. நாளைக்கு எத்தனை?

தோல்மண்டி:
40ன்னா வார் அகலம் இரண்டரை மில்லி வருதுங்க. தாராளமா அறுக்கலாம்.