கொக்குவில் வீட்டுக் குழு: தையல் மெசின் இறுகிவிட்டது

சனிக்கிழமை

ராணி சித்தி, காலை 7:52
பிள்ளைகள், மெசின் இறுகிவிட்டது. கைச்சில்லு அரைச் சுற்றோடு நிற்கிறது. ஏழு சட்டையில் ரெண்டுதான் முடிந்தது.

கலா அக்கா, 7:53
ஐயோ சித்தி

கலா அக்கா, 7:53
வெள்ளிக்கிழமை பிள்ளைக்குச் சாமத்தியத் தண்ணீர் வார்ப்பு!! ஆலாத்தி எடுக்கிற ஏழு பேருக்கும் ஒரே மயில்பச்சை என்று சொல்லியாச்சு

ராணி சித்தி, 7:55
நேற்று இரவு தொடங்கியது. கீழ்ப்பக்கம் நூல் பந்து பந்தாய்ச் சேர்ந்தது. பிறகு டக் டக் என்று சத்தம். ஊசி முறிந்து நுனி சுகன்யாவின் சட்டைக் கைக்குள் நிற்கிறது.

நான், 7:56
என்ர சட்டையா

நிரோஷ் தம்பி, 7:56
வேற யாற்ற கை அவ்வளவு மொத்தம்

நான், 7:56
உனக்கு இருக்கு

பெரியப்பா, 8:04
ராணி, பதறவேண்டாம். கீழே நூல் பந்தானால் எல்லாரும் கீழ்நூல் சுற்றின பொபினைத்தான் ஏசுவார்கள். குற்றம் பெரும்பாலும் மேலே இருக்கும். மேல்நூல் போகிற இறுக்கத் தட்டு ரெண்டுக்கும் நடுவில் தூசி நின்றாலோ, நூல் அதற்குள் சரியாக இறங்காவிட்டாலோ கீழேதான் வளையம் வளையமாகத் தொங்கும். அது ஒன்று. சில்லு இறுகினது வேறு கதை. ஊசித் தட்டைக் கழற்று. துணியைத் தள்ளுகிற பல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லு.

நிரோஷ் தம்பி, 8:05
வகுப்பு தொடங்கியாச்சு

அம்மா, 8:05
நிரோஷ்!

ராணி சித்தி, 8:21
கழற்றினேன் அத்தான். சாம்பல் நிறத்தில் கம்பளித்துண்டு மாதிரி ஒன்று. ஊசியால் குத்தி இழுக்கத்தான் வந்தது. கடுகு அளவு மயில்பச்சையும் அதுக்குள் இருக்கு. சில்லு இப்பவும் அசையவில்லை.

பெரியப்பா, 8:33
அது வெறும் பஞ்சில்லை. நூல்தூசி எண்ணெயோடு சேர்ந்து இறுகினது. அதைத் துடைக்க நீயே காணும், வாரத்தில் ஒருநாள் தூரிகையால் தட்டினால் போதும். ஆனால் சர்வீஸ் என்பது அதுவல்ல. ஊசி அடிமட்டம் தொட்டுவிட்டு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் மேலே எழும்பும்போது நூல் ஒரு சின்ன வளையமாக விரியும். சரியாக அந்த நேரத்தில் கொக்கியின் நுனி வந்து அதைப் பிடிக்கவேண்டும். பிடித்தால் தையல், தவறினால் வெறும் ஓட்டை. ஊசி முறியிறபோது கொக்கியின் நுனியில் பிசிறு விழும், நேரமும் விலகும். அதைக் கண்ணால் பார்த்துத் திருத்த உன்னாலும் ஏலாது, என்னாலும் ஏலாது. தொழில் தெரிந்தவன் கழற்றவேண்டும். வீட்டு மெசினுக்கு வருசம் ஒருமுறை, நீ ஊருக்கெல்லாம் தைக்கிறபடியால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

கலா அக்கா, 8:34
ஐஸ்கிரீம்காரருக்கு முற்பணம் யார் கொடுத்தது?

கலா அக்கா, 8:34
300 கப் என்கிறார். நான் 250 என்றுதான் சொன்னேன்

மாமா கனடா, 8:36
இங்கே இரவு பதினொன்று. புது மெசின் ஒன்று வாங்குங்கோ, காசு அனுப்புகிறேன்

ராணி சித்தி, 8:37
அம்மாவின் மெசின் இருக்கப் புதுசு எதுக்கு தம்பி

பெரியம்மா, 8:38
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அம்மா, 8:38
வாசித்துவிட்டோம் அக்கா

ராணி சித்தி, 8:39
நானும் வாசித்தேன். எனக்கு அம்மா வாயால் சொல்லித் தந்தது. சீதனத்தில் எழுதித் தரவில்லைதான்.

பெரியம்மா, 8:40
நான் ஒன்றும் கேட்கவில்லையே. 95 இடப்பெயர்வில் அதைச் சாவகச்சேரிக்குக் கொண்டுபோனது யார் என்றுதான் எழுதினேன். இவர்தான் சைக்கிள் தள்ளினவர்.

மாமா கனடா, 8:41
அக்கா, கைதடி மட்டும் தள்ளினது நான். அத்தான் கரியரைப் பிடித்துக்கொண்டு வந்தவர்

பெரியப்பா, 8:43
ஒக்டோபர் 30, மழை. தலையை மட்டும் கழற்றிச் சாக்கில் சுற்றினோம். கால் ஸ்ராண்டை விட்டுவிட்டுப் போனோம், 96இல் வந்து பார்த்தால் அது இல்லை. இப்ப நிற்கிறது வேறு ஸ்ராண்ட். யார் தள்ளினது என்பது முக்கியமில்லை.

மாமா கனடா, 8:44
முக்கியம்தான் அத்தான்

நான், 8:50
மாமா, மெசினில் இருக்கிற இலக்கம் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். நீங்கள் முந்தி கேட்டீர்களே

மாமா கனடா, 8:58
ஆங்கில ஈ-யில் தொடங்கி ரெண்டு எழுத்து. அப்படியென்றால் சிங்கரின் ஸ்கொட்லாந்து கிளைட்பாங்க் தொழிற்சாலை, 1935 அல்லது அதற்குப் பிந்தியது. அந்தத் தொழிற்சாலையே 1980இல் மூடியாச்சு. விற்றுவிடாதீங்கோ

நிரோஷ் தம்பி, 8:58
இப்பதானே புதுசு வாங்கச் சொன்னீங்கள்

ராணி சித்தி, 9:10
அத்தான், தலையைச் சரித்துப் பார்த்தேன். அடியில் மூட்டுக்கு மூட்டு மஞ்சளாய்ப் பசை. விளாம்பிசின் மாதிரி விரலில் ஒட்டுகிறது.

பெரியப்பா, 9:14
நினைத்தேன்! யாரோ சமையல் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். மெசின் எண்ணெய் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும், காய்ந்து இறுகாது. சமையல் எண்ணெய் காற்றுப் பட்டுப் பட்டுப் பிசினாகிவிடும். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒன்றும் கிடைக்காதபோது மாமி தேங்காய் எண்ணெய் விட்டவ, அதில் நியாயம் உண்டு. இந்தக் காலத்தில் எந்த மடையன் விட்டான்?

நிரோஷ் தம்பி, 9:15
2020 ஊரடங்கில் எடுத்த வீடியோ ஒன்று இருக்கு. போடவா

சித்தி வீட்டு விறாந்தை (வீடியோ, 0:24)

கலா அக்கா, 9:16
"நயம் நல்லெண்ணெய் ராணி, மணந்து பார்"

கலா அக்கா, 9:16
அப்பா!!!

அம்மா, 9:16
சிரித்துச் சிரித்து அடுப்பில் பால் பொங்கிவிட்டது

பெரியப்பா, 9:22
கடை எல்லாம் பூட்டு. அவசரத்துக்கு விட்டது. பிறகு மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து நல்ல எண்ணெய் விடச் சொன்னேன்.

ராணி சித்தி, 9:22
சொல்லவில்லை

பெரியம்மா, 9:23
இவர் சொல்லியிருக்கமாட்டார்

ராணி சித்தி, 9:25
என்னிலும் பிழைதான். ஓடுதுதானே என்று விட்டுவிட்டேன். போன தைப்பொங்கலுக்கு முன்னமே பாரமாய் ஓடினது. என்ர முழங்கால் நோ என்று நினைத்தேன்.

நான், 9:27
சரி, யாரிடம் கொடுக்கிறது?

அம்மா, 9:29
ஸ்ரான்லி வீதிப் பக்கம் மெசின் திருத்துகிற பாஸ் ஒருவர் இருக்கிறார். வயது போனவர், பழைய மெசின் என்றால் விருப்பம். ஆனால் ஞாயிறு பூட்டு.

கலா அக்கா, 9:29
அப்ப இண்டைக்கே கொண்டுபோகவேணும்

பெரியப்பா, 9:33
முழு மெசினைத் தூக்கவேண்டாம். பெல்ற்றைக் கழற்று. பின்பக்கம் கீல் ரெண்டுக்கும் அடியில் திருகாணி இருக்கிறது, இளக்கினால் தலை தனியே வரும். பொபின் கேஸையும் முறிந்த ஊசியையும் ஒரு பையில் போட்டுக் கொடுங்கோ. அதைப் பார்த்தாலே அவருக்கு விளங்கும்.

நான், 9:34
நிரோஷ், நீ போறாயா

நிரோஷ் தம்பி, 9:40
பைக்கில் ஏலாது. ஓட்டோ பிடியுங்கோ

ராணி சித்தி, 9:41
பக்கத்து வீட்டு மெசினில் ரெண்டு சட்டை அடிக்கலாம். மற்ற மூன்றும் பாஸ் சொல்கிற நாளைப் பொறுத்தது.

கலா அக்கா, 9:42
திங்கள் தந்திடுவாரா

அம்மா, 9:42
பார்த்துத்தான் சொல்வார்

மாமா கனடா, 9:44
எவ்வளவு வந்தாலும் நான் தாறேன்

பெரியம்மா, 9:45
நாங்களும் பாதி போடுவோம்

ராணி சித்தி, 9:52
நான் தலையைக் கழற்றிச் சாக்கில் சுற்றி வாசலில் வைத்திருக்கிறேன்

ராணி சித்தி, 10:31
ஓட்டோவுக்கு யார் சொன்னது?

கலா அக்கா, 10:33
சித்தி, ஐஸ்கிரீம் 250தானே?