குழந்தைக்காக லெட்ரோசோல் மாத்திரை எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? (குடியாத்தம், ஆம்பூர் பக்கம்)

அக்கா, தங்கச்சிகளுக்கு வணக்கம். குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். வயது 29, கல்யாணமாகி நாலு வருஷம். பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை). மாதவிலக்கு ஐம்பது நாளுக்கு ஒருமுறைதான்.

முதலில் பார்த்த டாக்டர் ஸ்கேனே எடுக்காமல் மூன்று மாதம் முட்டை வளரக் குளோமிஃபின் மாத்திரை கொடுத்தார். முட்டை வெடித்ததா இல்லையா, யாருக்கும் தெரியாது. அப்புறம் வேலூரில் வேறு டாக்டரிடம் போனேன். விலக்கான 3ஆம் நாளிலிருந்து 5 நாள் லெட்ரோசோல் 2.5 மி.கி., 11ஆம் நாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்கேன், கூடவே சர்க்கரை நோய்க்கும் கொடுக்கிற மெட்ஃபார்மின். மெடிக்கலில் "இது மார்பகப் புற்றுநோய் மாத்திரையாச்சே" என்றதும் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. டாக்டரைக் கேட்டால், அதற்கும் கொடுப்பார்களாம், பிசிஓஎஸ்ஸில் முட்டை வளர முதலில் கொடுப்பதும் இதைத்தானாம். குழந்தைப்பேறு சிகிச்சைக்கு இதைக் கொடுக்க இந்தியாவில் 2011இல் தடை போட்டு 2017இல் நீக்கினார்களாம்.

கணவரின் பரிசோதனை சரியாக இருக்கிறது. அதை எடுக்க வைக்கவே ஆறு மாதம் ஆனது, அது தனிக்கதை.

எனக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. ஒரு ஸ்கேனுக்கு ஒருநாள் சம்பளம் போகிறது. குடியாத்தம், காட்பாடி பக்கம் காலை 8 மணிக்கு முன்போ ஞாயிற்றுக்கிழமையோ முட்டை வளர்ச்சி ஸ்கேன் எடுக்கும் இடம் தெரிந்தால் சொல்லுங்கள்.

2.5இல் முட்டை வளராமல் 5க்குக் கூட்டியவர்கள் இருந்தால், எத்தனை மாதம் எடுத்தீர்கள்? மெட்ஃபார்மினால் வயிறு கலக்குவது எப்போது நின்றது? 74 கிலோவில் நாலு கிலோ குறைந்தாலே பலன் தெரியும் என்றார் டாக்டர். நின்றே வேலை பார்ப்பவர்கள் எப்படிக் குறைத்தீர்கள்?

மலைவேம்புச் சாறு, கழற்சிக்காய் யோசனை மட்டும் வேண்டாம். அந்தத் துறையை மாமியார் பார்த்துக்கொள்கிறார்.