செங்கல் சூளைத் தொழிலாளி ஓ.பி.க்கு (புறநோயாளி பிரிவுக்கு) வந்தால் கொத்தடிமையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வி – பி.எச்.சி. (ஆரம்ப சுகாதார நிலைய) ஸ்டாஃப் நர்ஸ்

திருவள்ளூர் மாவட்டத்தில் சூளைகள் நிறைந்த பகுதி. சீசனில் ஒடிசாவின் பொலாங்கீர், நுவாபடா பக்கத்துக் குடும்பங்கள் சூளையிலேயே தங்கி வேலை செய்கின்றன. நோயாளி யாராக இருந்தாலும் கூடவே அவர்களை வேலைக்குக் கூட்டி வந்த மேஸ்திரி வருகிறார், கேள்விக்கும் அவரே பதில் சொல்கிறார். ஆதாரும் அவர் பையில்தான். சந்தேகம் வந்தால் என்ன கேட்பது, யாரிடம் சொல்வது? அவசரப்பட்டு அந்தக் குடும்பத்துக்கே ஆபத்து வந்துவிடக் கூடாது.

பதில் 1 – மெடிக்கல் ஆபீசர்

ரத்தசோகை, ஆறாத கைப்புண், தீக்காயம், நாள் கடந்து வருவது எல்லாம் வறுமையிலும் உண்டு. அதை வைத்து முடிவுகட்ட முடியாது. ஓ.பி. ரெஜிஸ்டரைப் பாருங்கள்: பத்துப் பேருக்கு ஒரே முகவரி, ஒரே போன் நம்பர், அந்த நம்பரும் மேஸ்திரியுடையது என்றால் விசாரிக்க வேண்டிய இடம் அது.

முதல் வேலை தனியாகப் பேசுவது. "நீங்க வெளியே இருங்க" என்று மேஸ்திரியிடம் மட்டும் சொன்னால் உஷாராகிவிடுவார். பரிசோதனை அறையில் நோயாளியைத் தவிர யாரும் இருக்கக் கூடாது என்பதை எல்லாருக்கும் பொதுவான விதியாக்கி போர்டு மாட்டிவிடுங்கள். கர்ப்பிணி என்றால் இன்னும் சுலபம். பிக்மி (அரசின் கர்ப்பிணிகள் பதிவேடு) பதிவுக்கு சொந்த ஊர், வந்த தேதி, வயது எல்லாம் கேட்டே ஆக வேண்டும், வயிற்றைப் பரிசோதிக்கும் இடத்தில் ஆண்கள் நிற்க முடியாது.

மொழிபெயர்ப்புக்கு மேஸ்திரியோ, அதே சூளையின் இன்னொரு தொழிலாளியோ வேண்டாம். ஒடியா தெரிந்த மருத்துவப் பணியாளர் ஒருவரை போனில் பிடித்து, சூளையின் பெயரையும் நோயாளியின் பெயரையும் சொல்லாமல் பேச வையுங்கள்.

"உங்களை அடைச்சு வெச்சிருக்காங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் வரும். இப்படிக் கேளுங்கள்: ஊரில் எவ்வளவு முன்பணம் வாங்கினீர்கள்? வாரச் செலவுக்கு எவ்வளவு தருகிறார்கள்? ஆதார் யாரிடம்? வேறு சூளைக்குப் போக நினைத்தால் போகலாமா? சந்தைக்குக் குடும்பமாகப் போக முடியுமா, ஒருவரை அனுப்பி மற்றவர்களை நிறுத்திவைப்பார்களா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலே பெரும்பாலும் நிலைமையைக் காட்டிவிடும்.

பதில் 2 – சட்ட உதவி

1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி பூட்டும் சங்கிலியும் தேவையில்லை. முன்பணம் இருந்து, அதற்காக வேலை மாறும் உரிமையோ, நடமாடும் உரிமையோ, குறைந்தபட்சக் கூலியோ பறிபோனால் போதும். கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு, பிரிவு 15-ன்படி, கடன் கொடுத்தவருடையது. ஆகவே நர்ஸ் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

தகவல் போக வேண்டிய இடம் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அல்லது கலெக்டர் அலுவலகம். விடுவிப்புச் சான்றிதழ் கிடைத்தால்தான் கடன் ரத்தானதற்குக் கையில் ஆதாரம் இருக்கும், உடனடி நிவாரணமும் (30,000 ரூபாய் வரை) கிடைக்கும். போலீஸ் மட்டும் போய்ப் பேசி, பஸ் ஏற்றி அனுப்பிவிட்டால் சான்றிதழ் இருக்காது. அடுத்த சீசனில் அதே கடனுக்காக அதே மேஸ்திரி வீட்டு வாசலில் நிற்பார். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் (15100) சேர்த்துச் சொல்லுங்கள்.

பதில் 3 – மருத்துவ சமூகப் பணியாளர்

மேலே சொன்னதோடு ஒன்று. பெரியவர்கள் விஷயத்தில், அவர்கள் சம்மதம் இல்லாமல் ஆர்.டி.ஓ.வுக்குப் போன் போடாதீர்கள். மேஸ்திரி வாசலில் இருக்கும்போதே அதிகாரிகள் வந்தால், சூளையில் இருக்கும் மற்றவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் ஏற்றப்படுவார்கள். சூளையில் யார் யார் இருக்கிறார்கள், குழந்தைகள் எத்தனை பேர் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். "வேண்டாம்" என்றால் சிகிச்சையை முடித்து, கட்டு மாற்ற மறுபடி வரும் தேதி கொடுங்கள். தடுப்பூசிக்குப் போகும் கிராம சுகாதார செவிலியர் சூளைக்குள் போவதை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். தொடர்பு அறாமல் இருக்க அந்த வழி போதும். "காப்பாத்திடுவோம்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

நம்பர் எழுதிய சீட்டு, நோட்டீஸ் எதுவும் கையில் கொடுக்கக் கூடாது. ஓ.பி. சீட்டை மேஸ்திரி படிப்பார், அதில் மருந்து மட்டும். ஆஸ்பத்திரியில் இருக்கும் கேஸ் ஷீட்டில் நோயாளி சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். "கொத்தடிமை" என்று நீங்களாக முத்திரை குத்த வேண்டாம். அடித்த காயம் என்றால் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவில் அளவு, இடம், நிறம் மூன்றும் வர வேண்டும். "பல காயங்கள்" என்று எழுதினால் கோர்ட்டில் நிற்காது.

கேட்டவர்

நன்றி. 16 வயதுக் கர்ப்பிணி வந்தால்? கணவர் என்று ஒருவர் கூட வருகிறார்.

பதில் 2

அங்கே சம்மதம் பார்த்துக் காத்திருக்க முடியாது. 18 வயதுக்குக் கீழே என்றால் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) பிரிவு 19-ன்படி தகவல் கொடுத்தே தீர வேண்டும், கல்யாணம் ஆகியிருந்தாலும். மறைத்தால் பிரிவு 21-ல் ஆறு மாதம் வரை சிறை. குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லுங்கள், குழந்தைகள் நலக்குழு வந்துவிடும். கருக்கலைப்பு கேட்டு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் பெயரை வெளியிடாமல் தகவல் தரலாம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் சூளையில் அந்தப் 'பாதுகாவலர்' யார் என்பதே கேள்வி. கூட வந்தவர் வாயால் கேட்டுப் பெயரை மறைத்தால் சிறுமியை யாரும் தேட மாட்டார்கள்.

பதில் 1

சிகிச்சை அதற்காக நிற்கக் கூடாது. பலாத்காரம் 72 மணி நேரத்துக்குள் நடந்திருந்தால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை உடனே தொடங்குங்கள், 28 நாள் கோர்ஸ். போலீஸ் வரட்டும் என்று காத்திருந்து அந்த நேரம் தவறுவது அடிக்கடி நடக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகல் கேட்காதீர்கள், இரு விரல் பரிசோதனை கூடவே கூடாது.