மொச்சைக்காய் ஞாயிறு

வாட்ஸ்அப் குழு: நம்ம வீட்டு ஆளுங்க (பெங்களூரு, ஓசூர், கிருஷ்ணகிரி)

ஜனவரி 8, வியாழன்

செல்வி, மாலை 6:12
எல்லாருக்கும் வணக்கம். இந்த ஞாயிறு கனகபுரா ரோட்டுப் பண்ணையில மொச்சை பறிக்கிறோம். நான் மாசாமாசம் போறேனே, அதே கூட்டுப் பண்ணைதான். இந்தத் தடவை வீட்டு ஆளுங்களையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. காய் பறிக்கிறதோட முடியாது. விதைக்காய் எப்படிப் பார்த்து விடுறதுன்னு செடிகிட்டயே நின்னு சொல்லித்தர்றாங்க. அப்புறம் மூடாக்கு (மண்ணை இலைதழையால மூடுறது), ஜீவாமிர்தம் (சாணமும் கோமியமும் கரைச்ச உரம்). எல்லாரும் வாங்க. பனி குறைஞ்சா காய் முத்திப்போயிடும்.

வித்யா அண்ணி, 6:20
மொச்சைன்னா நாம பொரியல் பண்ற அவரைக்காயா செல்வி? இங்க கடையில அவரேக்காய்னு கேட்டா வேற ஒண்ணைக் குடுக்கிறாங்க. நான் இந்த ஊருக்கு வந்து 16 வருஷம் ஆச்சு, இன்னும் குழப்பம்தான்.

செல்வி, 6:22
பொரியல் அவரையைத் தோலோட நறுக்குவோம் அண்ணி. இதுல தோலை உரிச்சுக் கொட்டையை எடுக்கணும். நாம மொச்சைங்கிறதைத்தான் இவங்க அவரேக்காய்ங்கிறாங்க.

யாழினி, 6:25
அம்மா, ரெண்டும் ஒரே இனம்தான். லாப்லாப் பர்ப்யூரியஸ். பயாலஜி மிஸ் சொன்னாங்க.

பிரபு அண்ணா, 6:41
செல்வி, எனக்கு ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. இப்பதான் வருஷம் பூரா மொச்சை கிடைக்குதே. உரிச்ச கொட்டையே ஆப்புல பத்து நிமிஷத்துல வந்துடுது.

செல்வி, 6:58
கிடைக்குது அண்ணா, இல்லைங்கல. பெங்களூரு விவசாயப் பல்கலைக்கழகத்துல ஹெப்பாள் அவரை 3, 4ன்னு ரகம் எடுத்திருக்காங்க. எந்த மாசம் விதைச்சாலும் காய்க்கும். விவசாயிக்கு அதுல வருமானம் இருக்கு, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா பழைய நாட்டு மொச்சை அப்படி இல்ல. ஆடியில விதைச்சாலும் பொழுது குறுகினாத்தான் பூ எடுக்கும். அதனாலதான் மார்கழி, தையில மட்டும் வருது. தோல்மேல எண்ணெய் மாதிரி ஒரு பிசுக்கும் வாசமும் இருக்கும் பாருங்க, கன்னடத்துல அதுக்கு 'சொகடு'ன்னே தனிப் பேரு. மாகடி ஊர்க் காயைத் தேடி வாங்குறாங்கன்னா அந்த சொகடுக்காகத்தான். அந்த விதை நம்ம யார் வீட்டுலயாவது இருக்கா? எங்க வீட்டுல இல்ல. அதுக்காகத்தான் கூப்பிடுறேன்.

யாழினி, 7:15
பாட்டி சொல்றாங்க, நான் டைப் பண்றேன்:
"செல்வி, கண்ணு, எங்க கொல்லையில கேழ்வரகுக்கு நடுவுல சால் விட்டு மொச்சை போடுவாரு உங்க தாத்தா. கேழ்வரகு அறுத்த பிறகு மொச்சை மட்டும் பச்சையா நிக்கும். விடிகாலையில பனியோட பறிச்சா கை பிசுபிசுன்னு ஒட்டும். கை கழுவிட்டுச் சோறு தின்னாலும் விரல்ல அந்த வாசம் இருக்கும். எனக்கு வரணும்னு ஆசைதான். முட்டி வலி. வரப்புல நடக்க முடியுமோ என்னமோ."

செல்வி, 7:18
பெரியம்மா, வண்டி பாத்தி வரைக்கும் போகும். நாற்காலி போட்டு உக்கார வைக்கிறேன். நீங்க வரலைன்னா எனக்குப் பாதி வேலை நடக்காது. விதை விஷயம் எனக்குச் சரியாத் தெரியாமப் போனதால ஒரு வருஷம் வீணாப்போச்சு.

கணேசன் மாமா, 7:26
என்ன ஆச்சும்மா? நீ சொல்லவே இல்லையே.

செல்வி, 7:40
போன வருஷம் தை மாசம் அந்தப் பண்ணையிலேர்ந்து ரெண்டு கைப்பிடி காய்ஞ்ச கொட்டை கொண்டுவந்தேன் மாமா. பார்க்கக் காய்ஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. அப்படியே பாட்டில்ல போட்டு இறுக்கி மூடி வெச்சுட்டேன். ஆடியில மாடித் தொட்டியில போடலாம்னு திறந்தா, ஒவ்வொரு கொட்டையிலயும் குண்டூசித் தலை அளவுக்கு வட்டமா ஓட்டை. பாட்டில் அடியில மாவு. மூடியில சின்னச் சின்ன வண்டு ஊர்ந்துட்டிருக்கு. ஓட்டை இல்லாததாப் பொறுக்கி 40 கொட்டை நட்டேன், முளைச்சது மூணு. அந்த மூணும் நல்ல மழையில அழுகிடுச்சு. அன்னிக்கு நான் அழுதுட்டேன், யார்கிட்டயும் சொல்லல.

வித்யா அண்ணி, 7:43
அடடா. சொல்லியிருக்கலாமே செல்வி.

யாழினி, 7:52
பாட்டி: "அது பாட்டில்ல வந்த வண்டு இல்லடி. காய் செடியில இருக்கும்போதே அது முட்டை வெச்சிடும். புழு கொட்டைக்குள்ள இருந்துக்கிட்டே திங்கும். அதுக்குத்தான் வெயில் காட்டுறது, சாம்பல்ல புரட்டுறது. பிரபுகிட்ட சொல்லு, ஞாயித்துக்கிழமை காலையில வண்டி எடுக்கச் சொல்லு. நான் வர்றேன்."

பிரபு அண்ணா, 7:55
அம்மா சொல்லிட்டாங்க. ஆறு மணிக்குக் கிளம்பறோம்.

ஜனவரி 10, சனி

செல்வி, காலை 10:05
நாளைக்கு முழுக்கைச் சட்டை, தொப்பி, தண்ணி பாட்டில். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கங்க. காலையில நல்ல குளிர், பெரியம்மாவுக்கு ஸ்வெட்டர் மறக்காதீங்க. காய் கொண்டுவரத் துணிப்பை. பிளாஸ்டிக் கவர்ல கட்டினா வேர்த்துப்போய் வாசம் போயிடும். மாமா, நீங்க அல்சூர்ல மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்ல பச்சை லைன் மாறிடுங்க. கடைசி ஸ்டேஷன் சில்க் இன்ஸ்டிட்யூட். அங்க நான் நிக்கிறேன்.

கணேசன் மாமா, 10:20
சரிம்மா. பொங்கலுக்குச் சர்க்கரைவள்ளி, பரங்கி கிடைக்குமா?

செல்வி, 10:24
வள்ளிக்கிழங்குப் பாத்தி ஒண்ணு நம்மளே தோண்டலாம் மாமா. பரங்கியும் இருக்கு.

சாந்தி சித்தி, 10:31
நான் ஓசூர்லேர்ந்து வர முடியாது, கடை இருக்கு. எனக்கும் ரெண்டு கிலோ எடுத்து வைங்கடி. பொங்கல் குழம்புக்கு மொச்சை இல்லாம எப்படி.

செல்வி, 10:33
கண்டிப்பா சித்தி.

ஜனவரி 11, ஞாயிறு

பிரபு அண்ணா, காலை 7:35
வந்துட்டோம். அம்மா நாற்காலியில உக்காரவே இல்ல. நேரா செடிகிட்ட போய்ட்டாங்க.

யாழினி, 7:48
(படம்: பாட்டி காயை மூக்குகிட்ட வெச்சுக் கண்ணை மூடியிருக்காங்க)

சாந்தி சித்தி, 7:50
அக்காவை இப்படிப் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு.

வித்யா அண்ணி, 8:20
அத்தை எனக்குப் பறிக்கச் சொல்லித் தந்தாங்க. இழுக்கக்கூடாதாம். இழுத்தா பூங்கொத்தே கையோட வந்துடும். ஒரு கையால காம்பைப் பிடிச்சுக்கிட்டு காயை மட்டும் மேல மடக்கணும். கொட்டை புடைச்சிருக்கணும், தோல் பச்சையா இருக்கணும், அழுத்தினா லேசா அமுங்கணும். கையெல்லாம் பிசின் மாதிரி ஆயிடுச்சு. நல்லா இருக்கு.

செல்வி, 8:24
சின்னவனைப் பார்த்துக்கங்க அண்ணி, பச்சைக் கொட்டையை வாயில போடப்போறான். மொச்சையை வேக வெச்சுத்தான் தின்னணும். காய்ஞ்ச கொட்டைன்னா இன்னும் கவனம், ராத்திரி ஊற வெச்ச தண்ணியைக் கொட்டிட்டு வேற தண்ணியில நல்லா வேக வைக்கணும்.

யாழினி, 9:02
(படம்: வேர், உள்ளங்கையில)
அத்தை, இதைப் பாருங்க!! ஓரமா கடைசியில விதைச்ச செடி ஒண்ணைத் தோண்டிக் காட்டினாங்க. வேர்ல மிளகு மாதிரி முடிச்சு முடிச்சா இருக்கு. நகத்தால கீறினேன், உள்ள ரோஸ் கலர். ரோஸா இருந்தா அதுக்குள்ள இருக்கிற ரைசோபியம் பாக்டீரியா வேலை செய்யுதுன்னு அர்த்தமாம். காத்துல இருக்கிற நைட்ரஜனைச் செடிக்குப் பிடிச்சுத் தருது. புக்குல படம் போட்டிருக்கும், பரீட்சைக்கு வரைஞ்சிருக்கேன். கையில இப்பதான் பிடிக்கிறேன்.

செல்வி, 9:06
அதனாலதான் யாழினி, அறுவடை முடிஞ்சதும் செடியைப் பிடுங்கக்கூடாதுன்னு சொல்றாங்க. தண்டை மண்ணோட ஒட்ட வெட்டிட்டு வேரை அப்படியே விட்டுடணும். அடுத்த கேழ்வரகுக்கு அது உரம்.

கணேசன் மாமா, 9:30
பண்ணையில ஒரு அஜ்ஜி (கன்னடத்துல பாட்டி) இருக்காங்க. அக்காவும் அவங்களும் அரை மணி நேரமா பேசுறாங்க. இவங்க தமிழ்ல கேக்கிறாங்க, அவங்க கன்னடத்துல பதில் சொல்றாங்க, ரெண்டு பேருக்கும் எல்லாம் புரியுது. தோலைப் பிதுக்கி எடுக்கிற மொச்சைப் பருப்பை அக்கா 'பிதுக்கம்பருப்பு'ன்னாங்க, அஜ்ஜி 'ஹிதுக்கு பேளே'ன்னாங்க. பால் ஹாலு ஆச்சு, புலி ஹுலி ஆச்சு, பிதுக்கு ஹிதுக்கு ஆச்சு. ஒரே வார்த்தைதான், ஒரே சாப்பாடுதான். எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு.

கணேசன் மாமா, 9:34
அந்த அஜ்ஜியும் கேழ்வரகுக்கு நடுவுலதான் சால் விடுவாங்களாம். இங்க 'அக்கடி சாலு'ன்னு பேரு. மொச்சை, துவரை, சோளம், கடுகு எல்லாம் அதுல வருமாம். ஒண்ணு மழையில போனாலும் இன்னொண்ணு கைகொடுக்கும்.

செல்வி, 10:15
ஜீவாமிர்தம் கரைச்சு முடிச்சோம். மாமா அளவு கேட்டீங்க: 200 லிட்டர் தண்ணி, 10 கிலோ நாட்டு மாட்டுச் சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு பிடி வரப்பு மண். நிழல்ல ரெண்டு நாள், காலையும் சாயங்காலமும் கலக்கி விடணும். ஒரு ஏக்கருக்கு இது. மாடித் தொட்டிக்குன்னா பத்து மடங்கு தண்ணி கலந்து ஊத்துங்க.

செல்வி, 11:10
எல்லாரும் கவனிங்க, இன்னிக்கு நான் கத்துக்கிட்டதுல பெரிசு இதுதான். விதைச் செடியைப் பறிக்கிறதுக்கு முன்னாடியே குறிக்கணும். நாம என்ன பண்றோம், நல்ல காயெல்லாம் குழம்புக்குப் பறிச்சுட்டு, கடைசியில சூம்பினது காய்ஞ்சு நின்னா அதை விதைக்கு எடுக்கிறோம். பெரியம்மா நேர்மாறாச் செய்றாங்க. பாத்தி முழுக்க நடந்து பார்த்தாங்க, முட்டி வலியோட. புழு துளைக்காத செடி, வாசம் தூக்கலா இருக்கிற செடி, காய்க்கு நாலு கொட்டை புடைச்ச செடி. 12 செடி பொறுக்கி, பழைய சிவப்புச் சேலையை முந்தானைப் பக்கம் கிழிச்சு ஒவ்வொண்ணுலயும் கட்டிட்டாங்க. அதுல ஒரு காயைக்கூட யாரும் தொடக்கூடாது.

பிரபு அண்ணா, 11:14
அந்தச் சேலையை அம்மா வீட்டுலேர்ந்தே கொண்டுவந்திருக்காங்க செல்வி. இதுக்குன்னே நினைச்சு எடுத்து வெச்சிருக்காங்க. எனக்கே வண்டியிலேர்ந்து இறங்கினப்பதான் தெரியும். அடுத்த மாசமும் நான் வர்றேன்.

வித்யா அண்ணி, மாலை 5:50
வீட்டுக்கு வந்துட்டோம். 11 கிலோ காய். உரிச்சு ஊற வெச்சாச்சு, எல்லாரும் தரையில உக்காந்து பிதுக்கறோம். கொட்டையை ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சு அழுத்தினா உள்ள இருக்கிற பருப்பு எதிர்ச் சுவத்துக்குப் போகுது 😄 சின்னவன் ஓடி ஓடிப் பொறுக்குறான்.

சாந்தி சித்தி, 5:58
குழம்புக்கு என்ன அரைக்கிறீங்க? நான் தேங்காயோட கசகசா சேர்ப்பேன்.

யாழினி, 6:04
பாட்டி: "கசகசா வேண்டாம் சாந்தி. தேங்காய், தனியா, மிளகாய், இஞ்சி, பூண்டு, ஒரு துண்டு பட்டை. அவ்வளவுதான். மசாலா ஏறினா மொச்சை வாசம் அமுங்கிப்போகும். பருப்பு சீக்கிரம் வெந்துடும், குழைய விடக்கூடாது. கேழ்வரகு களி கிண்டச் சொல்லியிருக்கேன்."

சாந்தி சித்தி, 6:06
சரிக்கா. இந்தத் தடவை உன் மாதிரியே வைக்கிறேன்.

கணேசன் மாமா, 7:45
செல்வி, அந்த 12 செடிக்காய் எப்போ எடுக்கணும்?

யாழினி, 7:58
பாட்டி: "காயை ஆட்டினா உள்ள கலகலன்னு சத்தம் கேக்கணும். அன்னிக்கே எடுத்துடணும், விட்டா வெயில்ல வெடிச்சுச் சிதறும். மூணு நாலு நாள் வெயில் காட்டு. ஒரு கொட்டையைப் பல்லுல கடிச்சுப் பாரு, பல் பதிஞ்சா ஈரம் இருக்கு, டக்குன்னு உடைஞ்சா காய்ஞ்சிருக்கு. சூடு ஆறின பிறகு சலிச்ச சாம்பல்ல புரட்டி மண்பானையில போடு. மேல காய்ஞ்ச நொச்சி இலை. சூட்டோட மூடாதே. வெயில் காட்டாம, சாம்பல் போடாம மூடினியே செல்வி, அதான் நீ போன வருஷம் பண்ணின தப்பு."

செல்வி, 8:03
எழுதி வெச்சுக்கிட்டேன் பெரியம்மா. பண்ணையில பேசிட்டேன், மாசி பிறந்ததும் போன் பண்ணிச் சொல்றாங்க. பாதி விதை அவங்களுக்கு, பாதி நமக்கு. நம்ம பாதியை நாலு வீட்டுலயும் பிரிச்சு வைப்போம். ஒரு வீட்டுல வண்டு விழுந்தாலும் மத்த வீட்டுல இருக்கும்.

கணேசன் மாமா, 8:07
சாம்பலுக்கு நான் பொறுப்பு. எங்க தெரு முனையில விறகடுப்புல சமைக்கிற மெஸ் இருக்கு.

யாழினி, 8:12
பாட்டி: "கணேசா, உப்பு, எண்ணெய் சிந்தாத சாம்பலாப் பார்த்து வாங்கு. நல்லா ஆறட்டும்."

கணேசன் மாமா, 8:13
சரிக்கா.