மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை பிடித்துத் தர என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

கோட்டையூர்க்காரி:
எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்துவிட்டு காரைக்குடியில் ஒரு சின்ன அறக்கட்டளையில் சேர்ந்திருக்கிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற வேலை பிடித்துத் தருவது என் பொறுப்பு. பெயர், வயது, படிப்பு, ஊனத்தின் சதவீதம் எல்லாம் போட்ட பட்டியல் கையில் இருக்கிறது. அதோடு கடை கடையாக ஏறினால், "பாவம்மா, பார்ப்போம்" என்று காபி கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். எனக்குப் பேச்சுத் திறமை போதவில்லையா? இல்லை, வேறு ஏதாவது படிக்க வேண்டுமா?

பள்ளத்தூர் கேலிப்பர்:
தங்கச்சி, எனக்கு இடது காலில் போலியோ. ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதிக்கொண்டே, பல வருஷமாக நம்ம ஆட்களுக்கு வேலை பேசிவிடுகிறேன். குறை உங்கள் பேச்சில் இல்லை, பட்டியலில் இருக்கிறது. "வலது கை, 60 சதவீதம்" என்றால் முதலாளிக்கு என்ன புரியும்? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் இருப்பவர்களுக்கு அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதற்கு அந்த எண் வேண்டும். அவரால் என்ன வேலை செய்ய முடியும் என்பதை அது சொல்லாது.

முதலில் வேலையைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஆத்தங்குடியில், தரையில் பதிக்கிற பூக்கல் செய்யும் பட்டறை ஒன்றில் அரை நாள் உட்காருங்கள். மணல் சலிக்க ஒருவர், கலர் கலக்க ஒருவர். கண்ணாடி மேல் சட்டம் வைத்து, அச்சில் கலர் ஊற்றி, மேலே சிமெண்டுக் கலவை போட்டு அழுத்துவார்கள். இறுகியதும் தண்ணீர்த் தொட்டியில் போட வேண்டும், எடுத்துக் காயவைத்து அடுக்க வேண்டும். என்னை மாதிரி ஆள் உட்கார்ந்தபடி கலர் ஊற்றலாம். தொட்டிக்குத் தூக்கிப் போவதுதான் நடக்காது. அந்தத் தூக்குகிற பங்கை இன்னொருவர் எடுத்துக்கொண்டு, அவர் ஊற்றுவதில் கொஞ்சத்தை இவருக்குக் கொடுக்க முடியுமா? இப்படிக் கேட்டுப் பாருங்கள், முதலாளி காபி கொடுக்க மறந்துவிட்டுக் கணக்குப் போட ஆரம்பிப்பார்.

இங்கே ஓர் ஆச்சியின் பலகாரக் கடையில் பார்வையில்லாத பையன் ஒருவனைச் சேர்த்தோம். அடுப்பு, கொதிக்கிற எண்ணெய் என்று ஆச்சிக்குப் பயம். நான் அடுப்பங்கரைப் பக்கமே போகவில்லை. தீபாவளி நேரத்தில் போன் எடுக்க ஆளில்லாமல் எத்தனை ஆர்டர் நழுவுகிறது என்று மட்டும் கேட்டேன். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருள் இலவசம்தான். மணகோலம் இரண்டு கிலோ, சீடை ஒரு கிலோ என்று அவனே எக்செல்லில் ஏற்றுகிறான். இப்போது பழைய வாடிக்கை பற்றி ஏதாவது தெரிய வேண்டும் என்றால் ஆச்சி அவனைத்தான் கூப்பிடுகிறார்.

அப்புறம், ஆளைச் சேர்த்துவிட்டதோடு விட்டுவிடாதீர்கள். பஸ், கழிப்பறை, இருட்டினால் யார் கூட்டிப்போவது, இவைதான் பெரும்பாலும் ஆளை நிறுத்தும். உதவித்தொகை நின்றுபோகுமோ என்று வீட்டில் பயப்படுவார்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விதியைக் கேட்டுக்கொண்டு போய் அவர்களிடம் பேசுங்கள்.

ரஸ்தா டீச்சர்:
சைகை மொழி கொஞ்சமாவது படியுங்கள். காது கேளாதவரிடம் பேச அவருடைய அம்மாவைத் துணைக்கு வைக்காதீர்கள். கேள்வியைச் சொல்லிவிட்டுப் பதிலையும் அம்மாவே சொல்லிவிடுவார், மகளுக்கு என்ன ஆசை என்பது கடைசிவரை வெளியே வராது. பள்ளிக்கூடம் போகாதவர்களிடம் வீட்டுச் சைகை மட்டும்தான் இருக்கும். அவர்களைப் பட்டறைக்கே கூட்டிப்போய், செய்து காட்டச் சொல்லிப் பாருங்கள். படிப்பு என்றால், இந்திய மறுவாழ்வுக் கழகம் அங்கீகரித்ததா என்று பார்த்துச் சேருங்கள். முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது.

நாலாம் கட்டு:
கேலிப்பர் அண்ணே சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று. என் தம்பிக்குச் சக்கர நாற்காலி. பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை ஹோட்டலாக மாற்றிய இடத்தில் வரவேற்பில் வேலை. முகப்பில் ஏகப்பட்ட படி. வீடு இந்தத் தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிறது, பின்வாசல் சமதளம். "அது வழியா வாப்பா" என்றார்கள். கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் முன்வாசலில் ஏறிப் போகிறார்கள். வேலை பிடித்துக் கொடுத்தவரிடம் சொன்னால், "வேலை கிடைத்ததே, அதைப் பாரு" என்கிறார்.

பள்ளத்தூர் கேலிப்பர்:
அவர் சொன்னது தப்பு. வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் பின்வாசல் என்றால் சரி, இவருக்கு மட்டும் என்றால் பேசத்தான் வேண்டும். ஆனால் கோபத்தோடு போகாமல் டேப்போடு போங்கள். சாய்தளத்துக்கு ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். 2 அடி படிக்கட்டுக்கு 24 அடி. முகப்புக்கு நேரே அத்தனை இடம் இருக்காது, திண்ணையை இடிக்கவும் விடமாட்டார்கள். பக்கச் சுவரை ஒட்டி, கழற்றி மாட்டுகிற மாதிரி இரும்பில் செய்யலாம். அளவு, வெல்டிங் பட்டறை சொன்ன விலை இரண்டையும் ஒரே தாளில் எழுதி நீட்டுங்கள். வயதான விருந்தாளிகளுக்கும் ஆகும் என்பதை மறக்காமல் சொல்லுங்கள், ஹோட்டல்காரருக்கு அதுதான் முதலில் காதில் விழும்.

கோட்டையூர்க்காரி:
எல்லோருக்கும் நன்றி. திங்கள்கிழமை ஆத்தங்குடி போகிறேன். அண்ணே, பட்டியலை எடுத்துப் போகவா?

பள்ளத்தூர் கேலிப்பர்:
வேண்டாம். நோட்டும் பேனாவும் போதும். காலையிலேயே போங்க, யார் எதைத் தூக்குகிறார்கள் என்று எழுதிக்கிட்டு வாங்க.