செயின்ட் ஹெலினா – அசென்ஷன்: வான்வழித் தூரம் எவ்வளவு, பறக்க எவ்வளவு நேரம்?

தீவுநேசன்:
தெற்கு அட்லாண்டிக்கில் செயின்ட் ஹெலினா விமான நிலையத்திலிருந்து அசென்ஷன் தீவின் வைட்அவேக் விமானத் தளத்துக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? ஒரு இணையதளம் 1 மணி 27 நிமிடம் என்கிறது, இன்னொன்று 2 மணி 8 நிமிடம். உருண்டை மேல் இரு இடங்களுக்கு இடையிலான தூரத்தைத் தரும் ஹாவர்சைன் சூத்திரத்தை எக்செலில் போட்டால் தூரம் 2,830 கி.மீ. வருகிறது. கொடுத்த எண்கள்: ஹெலினா −15.957, −5.646, அசென்ஷன் 7.969, −14.394.

பெருவட்டம்:
அசென்ஷனின் அட்சரேகைக்குக் கழித்தல் குறி விட்டுப்போயிருக்கிறது. இரண்டு தீவும் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கேதான். −7.969 என்று மாற்றுங்கள், 1,301 கி.மீ. வரும் (பூமியின் ஆரம் 6,371 கி.மீ.). 1.852ஆல் வகுத்தால் 702 கடல் மைல்.

கால்குலேட்டரிலேயே சரிபார்க்கலாம். அட்சரேகை வித்தியாசம் 7.988 பாகை, ஒரு பாகைக்கு 60 கடல் மைல் என்பதால் 60ஆல் பெருக்கினால் 479 கடல் மைல். தீர்க்கரேகை வித்தியாசம் 8.748 பாகை, அதாவது 525. அதை, இரு தீவுகளின் சராசரி அட்சரேகையான 12 பாகையின் கொசைன் 0.978ஆல் பெருக்கினால் 513. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் அதே 702. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இவ்வளவு தூரத்துக்கு இந்தக் குறுக்குவழி போதும். லண்டன் – டோக்கியோவுக்குப் போட்டுப் பார்க்காதீர்கள்.

பூமி சரியான உருண்டை இல்லை என்பதையும் சேர்த்துக் கணக்கிடும் இணையதளங்கள் ஒன்றிரண்டு கி.மீ. குறைத்துக் காட்டும். அது பிழையல்ல. 15 பாகை 57 கலையை (60 கலை ஒரு பாகை) 15.57 என்று அடிப்பதுதான் பிழை. பலருக்கு அங்கேதான் உதைக்கும்.

மாக்078:
நேரத்துக்கு வருவோம். 1 மணி 27 நிமிடம் என்பது 1,301ஐ 900ஆல் வகுத்த விடை, அவ்வளவுதான். மற்றது 800ஆல் வகுத்து அரை மணி கூட்டியது. இரண்டுமே விமானத்தைப் பார்க்காமல் போட்ட கணக்கு.

இந்தத் தடத்தில் தென்னாப்பிரிக்க நிறுவனமான ஏர்லிங்க் பறப்பது எம்ப்ரேயர் 190 ஜெட். மாக் 0.78இல் (ஒலியின் வேகத்தில் 78%) விமானத்தின் வேகம் சுமார் 450 நாட் (மணிக்கு 450 கடல் மைல்); 702ஐ வகுத்தால் 94 நிமிடம். மேலேறி இறங்கும்போது வேகம் குறைவு, அதற்கு 15 நிமிடம். தரையில் உருள 10 நிமிடம். ஆக, கதவு மூடியதிலிருந்து திறக்கும்வரை ஏறக்குறைய 2 மணி. இந்த முறை 2 மணி 8 நிமிடம் சொன்ன இணையதளம்தான் பக்கத்தில் வருகிறது, குருட்டாம்போக்கில்.

20 நாட் பின்காற்று 4 நிமிடம் மிச்சப்படுத்தும். அதே எதிர்க்காற்று 4 நிமிடம் கூட்டும். இரு தீவுகளிலும் கிரீன்விச் நேரமே என்பதால் கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம்.

ஓடுபாதை20:
அசென்ஷன் பக்கம் பெரிய சிக்கல் இல்லை. சுமார் 3 கி.மீ. ஓடுபாதை. திரும்பும்போதுதான் இழுக்கும். ஹெலினா ஓடுபாதை கடல்மட்டத்துக்கு 300 மீட்டர் மேலே, செங்குத்துப் பாறை விளிம்பில். தென்கிழக்குக் காற்று மேட்டில் மோதிச் சுருள்வதால் இறங்கும் கட்டத்தில் காற்றின் வேகமும் திசையும் சட்டென்று மாறும். 2016இல் தொடங்க இருந்த ஹெலினாவின் முதல் பயணிகள் விமானச் சேவை 2017 அக்டோபர் 14க்குத் தள்ளிப்போனது இதனால்தான். முதல் முயற்சியில் இறங்க முடியாமல் சுற்றி வந்தால் 10–15 நிமிடம் கூடும்.

பக்கத்தில் வேறு நிலையம் இல்லாத இடம் என்பதால் எரிபொருள் கணக்கும் வேறு. இப்படித் தனித்த நிலையங்களுக்குப் போகும் ஜெட் விமானம், மாற்று நிலையத்துக்கான எரிபொருளுக்குப் பதிலாக, சேருமிடத்துக்கு மேலே 2 மணி நேரம் பறக்கும் அளவு வைத்திருக்க வேண்டும் என்பது ஐ.சி.ஏ.ஓ. (பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) விதி. ஏறக்குறைய 1 மணி 50 நிமிடப் பறப்புக்கு 2 மணி நேரக் கையிருப்பு!

பயணத் திட்டம் போடுவதென்றால் நிமிடங்களை விடுங்கள், தேதியைப் பாருங்கள். 2017 நவம்பரில் தொடங்கியபோதே இந்த அசென்ஷன் சேவை மாதம் ஒரு தடவைதான். அசென்ஷனுக்கு நுழைவு அனுமதியும் முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும்; இறங்கியபின் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்ப முடியாது.