கிரீன் கார்டு: ஓராண்டு நெருங்குகிறது, வழி சொல்லுங்கள்

கீழக்கரையில் உம்மா பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். பக்கவாதம் என்று கேட்டு ஓடி வந்தேன். 10 மாதம் போய்விட்டது. இப்போதுதான் என் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கிறார். கடல் காற்று படும் திண்ணையில் உட்கார்ந்தால் முகமே மாறிவிடுகிறது. எப்படி விட்டுப் போவேன்?

என்னுடையது அமெரிக்க கிரீன் கார்டு, அதாவது அங்கே நிரந்தரமாக வசிக்கும் அனுமதி. நீண்ட நாள் வெளியே இருந்துவிட்டுத் திரும்ப உதவும் ரீ-என்ட்ரி பெர்மிட்டுக்கான ஐ-131 படிவத்தை அங்கே இருக்கும்போதுதான் போட வேண்டும். அவசரத்தில் போடாமல் வந்துவிட்டேன். அது இல்லாமல் வெளியே ஓராண்டு தாண்டினால், திரும்பி வரும் நிரந்தரவாசிகளுக்கான எஸ்பி-1 விசா கேட்டுத் தூதரகம் ஏற வேண்டும், தாமதம் என் கையை மீறியது என்று நிரூபிக்க வேண்டும். அதனால் அடுத்த மாதமே போய், விண்ணப்பித்து, கைரேகை கொடுத்துவிட்டுத் திரும்ப நினைக்கிறேன். அங்கே வரி தாக்கல் செய்வதை விடவில்லை.

இப்படிப் போய் வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: விமான நிலையத்தில் என்ன கேட்டார்கள்? மருத்துவமனைக் காகிதங்கள் என்னென்ன காட்டினீர்கள்? அப்புறம், கைரேகைக்கு எத்தனை வாரம் காத்திருந்தீர்கள்? அதுவரை உம்மாவுக்கு ஆள் வைக்க வேண்டும்.